வரம்பு மீறிய உழைப்புக்குக் கூலி உண்டா?

2015 ஆகஸ்ட் கடைசியில், ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியும் ஃபேர்ஃபாக்ஸ் நாளிதழ்களும் சேர்ந்து செவன் இலெவன் என்ற கடைத்தொடரின் சம்பளக் கணக்கை அம்பலப்படுத்தின. அந்தக் கடைகளில் வேலை பார்த்தவர்களில் வெளிநாட்டு மாணவர்கள் ஏராளம். வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, ஏட்டில் 20 மணி நேரம் என்று எழுதி, அதற்கு மட்டுமே கூலி கொடுத்திருந்தார்கள் கடைக்காரர்கள் சிலர். சம்பளச் சீட்டைப் பார்த்தால் எல்லாம் சட்டப்படி நடந்ததுபோலத் தெரியும். குளிர்பெட்டியில் பால் அடுக்கியது, தரை துடைத்தது, விடியும்வரை கல்லாவில் தனியாக நின்றது என்று மீதி 20 மணி நேரம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

எதிர்த்துக் கேட்டவர்களுக்கு விசாவைக் காட்டி மிரட்டல் விடுத்தார்கள். அன்றைய விதிப்படி, கல்லூரி நடக்கும் காலத்தில் மாணவர்கள் இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கூலி கேட்டுப் புகார் கொடுத்தால், விதியை மீறியதைத் தாமே ஒப்புக்கொள்வதாகிவிடும். ஆகவே பலர் வாய் திறக்கவில்லை.

விதியை மீறி உழைத்தவருக்குக் கூலி கேட்கும் உரிமை உண்டா? அவர் செய்தது தவறு என்றால், அந்தத் தவறில் யாருக்கு எவ்வளவு பங்கு?

விதியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. படிக்க என்று விசா வாங்கியவர் படிக்க வேண்டும். நிபந்தனைக்குச் சம்மதித்துத்தான் விசா பெற்றிருக்கிறார். இரவு முழுக்கக் கண்விழித்த 18 வயதுப் பிள்ளை காலை வகுப்பில் எதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும்? குறைந்த கூலிக்கு ஒருவர் ஒத்துக்கொள்ளும்போது, விதியை மதித்து நடக்கும் சக மாணவரின் வேலையும், நேர்மையாகச் சம்பளம் தரும் பக்கத்துக் கடைக்காரரின் வியாபாரமும் அடிபடுகின்றன. ஆக, மீறலால் யாருக்கும் நட்டமில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் பிள்ளையின் கைக்கணக்கையும் பார்க்க வேண்டும். 2024 மே மாதம் ஆஸ்திரேலிய அரசு, மாணவர் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையை 29,710 டாலராக உயர்த்தியது. அதே ஆண்டு ஜூலையில் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.10 டாலர். 18 வயதுக்காரருக்கான குறைந்தபட்சம் அதில் சுமார் 68 விழுக்காடுதான். வேலை வரம்பு 2023 ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். ஒரு வாரம்கூட விடாமல் அந்த வரம்பு முழுவதும் உழைத்து, தற்காலிக ஊழியருக்கான 25 விழுக்காடு கூடுதலையும் சேர்த்தால் ஆண்டுக்கு 25,700 டாலர் அளவில் வரும். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே துண்டு விழும். விடுமுறையில் மணி வரம்பு இல்லாததால் கொஞ்சம் ஈடுகட்டலாம். கல்லூரிக் கட்டணமோ வங்கிக் கடனின் தவணையோ அதிலிருந்து வரும் என்று நம்புவது வீண்.

அப்படி நம்பித்தான் பல பிள்ளைகள் அனுப்பப்படுகிறார்கள். "அங்கே போய் ஒரு பார்ட் டைம் பார்த்துக்கொண்டால் சமாளித்துவிடலாம்" என்பது அந்தப் பிள்ளை போட்ட கணக்கில்லை. பெரியவர்கள் போட்ட கணக்கு தப்பும்போது, இடிக்கும் தொகையைத் தன் தூக்கத்தை விற்று நிரப்புகிறது பிள்ளை. தேவைக்காக மீறியவரையும், அந்த மீறலை வைத்து லாபம் பார்த்தவரையும் ஒரே தட்டில் வைப்பது அறமாகாது.

இங்கே நடந்தவை இரண்டு. மணி வரம்பை மீறியது மாணவருக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம். உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியை மறுத்தது முதலாளி தொழிலாளிக்குச் செய்த திருட்டு. முதலாவதற்கு மாணவர் பதில் சொல்லட்டும். அதைக் காரணம் காட்டி இரண்டாவதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

ஆஸ்திரேலியச் சட்டமும் மெல்ல இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. செவன் இலெவன் விவகாரத்தில் ஊழியர்களுக்குத் திருப்பித் தரப்பட்ட தொகை 15 கோடி டாலரைத் தாண்டியது. விசா நிலை எதுவானாலும் செய்த வேலைக்குரிய கூலியும் உரிமைகளும் உண்டு என்பதை 2023-இல் சட்டத்தில் தெளிவாகவே எழுதினார்கள். 2024 ஜூலை முதல், விசாவைக் காட்டி ஊழியரைச் சுரண்டும் முதலாளிக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வழி செய்தார்கள். நிபந்தனையை மீறி வேலை செய்த ஊழியரைக் குற்றவாளியாக்கிய பழைய பிரிவை நீக்கினார்கள். மீறினால் விசா ரத்தாகும் ஆபத்து இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த ஆபத்துக்கு அஞ்சும் ஊழியரின் மௌனத்தை முதலாளி தன் வசதிக்குப் பயன்படுத்துவது இன்று தண்டனைக்குரிய குற்றம்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் ஒரு காரியம் செய்யலாம்: பிள்ளை அங்கே ஒரு டாலரும் சம்பாதிக்காது என்று வைத்துக்கொண்டு முதல் ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கணக்கு நிற்கவில்லை என்றால் பயணத்தை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். நின்றால் அனுப்புங்கள். வேலை பார்த்த நேரத்தைத் தன் கைப்படக் குறித்து வைக்கவும், கூலி குறைந்தால் ஊழியர் உரிமைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தில் பெயர் சொல்லாமலேகூடத் தகவல் கொடுக்கலாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.