அந்தியின் உரிமை எவருக்கு?

மாலைச் சூரியன் கடலில் மறைவதைக் காண்பதற்கென்றே மக்கள் பயணம் புறப்படும் காலம் இது. திருப்பூர், பல்லடம், அவிநாசி வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. பனியன் கம்பெனிகளின் இரைச்சல் சற்றே ஓய்ந்திருக்கும் விடுமுறை நாட்களில் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, ஏர்வாடியில் ஜியாரத்தை முடித்து, அப்படியே பாம்பன் தீவுக்கும் போய்க் கடலைக் கண்டு திரும்புவது பலருக்கு வழக்கமாகிவிட்டது.

இவ்வாறு செல்வோரைக் குறித்து இரண்டு விதமான பேச்சு நம் மஹல்லாக்களில் எழுவதுண்டு. "காசையும் பொழுதையும் கரைக்கும் வீண் வேடிக்கை" என்பர் சிலர். "இறைவனின் படைப்பைக் கண்டு வியப்பதே ஒரு வணக்கமன்றோ!" என்பர் வேறு சிலர். இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. இருவர் கூற்றும் முழுமை பெறவில்லை. 300 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து ஓர் அந்தியைக் காண்பது எப்போது வணக்கமாகிறது, எப்போது வெறும் வேடிக்கையாக நின்றுவிடுகிறது? இதனையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

பாம்பன் தீவின் தென்மேற்குக் கோடியில் குந்துகால் என்றோர் இடம் உண்டு. கொழும்பிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 26ஆம் நாள் கரையிறங்கிய இடமென்று அங்கே நினைவு மண்டபம் எழுப்பியிருக்கின்றனர். எதிரே குருசடைத் தீவு. அது 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. இராமேசுவரத்தின் கூட்டமும் கூச்சலும் இங்கே இல்லை. தீவுக்கு வடக்கே உள்ள பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அவ்வூரார் சொல்வர். ஆண் கடலாயினும், தீவுகளும் பவளப் பார்களும் அணையாக நிற்பதனால் இவ்விடத்தில் அலை அடங்கியே கிடக்கிறது. அந்நீரின்மேல் செம்மை படர்ந்து, பின்னர் ஊதாவாகி, சாம்பல் நிறமாகி அவிவதைக் காண்போர் சிறிது நேரம் வாய் திறவாது நின்றுவிடுகின்றனர். நாமும் கண்டோம், அழகுதான், ஐயமில்லை.

முதலில், இது வீண் வேடிக்கை என்போருக்கு ஒரு வார்த்தை. அந்தி வானத்தை உற்று நோக்குவதை நம் இமாம்கள் வீணெனக் கருதியிருந்தால், நம்முடைய பிக்ஹு நூல்களில் ஒரு பாடமே இல்லாமற் போயிருக்கும். மஃரிபின் நேரம் எப்போது முடிந்து இஷா தொடங்குகிறது என்பதை 'ஷபக்' எனும் அந்தியொளி மறைவதைக் கொண்டே வகுத்தனர். அந்த ஷபக் எதுவென்பதில் கருத்து வேற்றுமை எழுந்தது. சூரியன் மறைந்தபின் தோன்றும் செம்மையே ஷபக் என்றனர் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள். செம்மை நீங்கியபின் எஞ்சி நிற்கும் வெண்மையே ஷபக் என்றனர் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள்; அவர்தம் மாணாக்கர் இருவரும் செம்மையையே கொண்டனர். கடற்கரை மரைக்காயர் ஊர்கள் பெரும்பாலும் ஷாபிஈ வழி. கொங்கு நாட்டு இராவுத்தர் ஊர்கள் ஹனபி வழி. வானத்தின் ஓரத்தில் செம்மை எப்போது நீங்கிற்று, வெண்மை எப்போது நீங்கிற்று என்று நாள்தோறும் நின்று பார்த்த கண்களிலிருந்தன்றோ இந்தச் சட்டம் பிறந்தது! அந்தியின்மீது இறைவனே திருமறையில் சத்தியம் செய்திருக்க, அதனைப் பார்ப்பது எங்ஙனம் வீணாகும்?

இனி, பார்ப்பதே வணக்கம் என்போருக்கும் ஒரு வார்த்தை கூற வேண்டும். பார்வை எல்லாவற்றையும் அறிவிப்பதில்லை. 'கஹ்ஃபு' அத்தியாயத்தில் துல்கர்னைன் மேற்கே சென்று, சூரியன் சேற்று நீருள்ள ஊற்றில் மறைவதாகக் கண்ட செய்தி வருகிறது. இமாம் ராஸி, பைளாவி (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் இதனைக் காண்பவரின் கண்ணுக்குத் தோன்றிய காட்சி என்றே விளக்கினர். கப்பலில் செல்வோனுக்குச் சூரியன் கடலுக்குள் இறங்குவதாகத் தோன்றுவது போன்றது இது. சூரியனோ பூமியினும் பன்மடங்கு பெரியது, அது பூமியின் நீருக்குள் எப்படி இறங்கும் என்று அவர்கள் கேட்டனர். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னரே நம் மேதைகள் தோற்றத்தையும் உண்மையையும் இவ்வாறு பிரித்துக் காட்டினர்.

இக்கால வானியல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அடிவானத்தில் காற்று மண்டலம் ஒளியை ஏறத்தாழ அரைப் பாகை வளைத்துக் காட்டுகிறது. சூரிய வட்டத்தின் அகலமும் ஏறத்தாழ அரைப் பாகையே. ஆதலால், வட்டத்தின் கீழ் விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் வியக்கும் அந்தக் கணத்தில், உண்மைச் சூரியன் முன்னமே அடிவானத்தின் கீழ் இறங்கிவிட்டிருக்கும். நாம் காண்பது மறைந்துபோன ஒன்றின் தோற்றமே! கண்ணை மட்டும் நம்பி வணங்குவோன் இல்லாத இடத்தை நோக்கி வணங்கியவனாவான்.

இதனால்தான் ஷரீஅத் அந்தி வேளையில் ஒரு நுட்பமான ஒழுங்கை வைத்திருக்கிறது. சூரியன் மறைந்துகொண்டிருக்கும் நேரத்தில் காரணமின்றி நபில் தொழுவது விலக்கப்பட்டிருக்கிறது; சூரியனை வணங்குவோர் சிரம் தாழ்த்தும் நேரம் அதுவென்று ஹதீஸ் காரணம் கூறுகிறது. வட்டம் முழுமையாக மறைந்தவுடனே பாங்கு ஒலிக்கிறது. தாமதியாது மஃரிபைத் தொழச் சொல்கிறது அதே ஷரீஅத். அழகு கண்முன் நிற்கையில் பொறுத்திரு. அது மறைந்தபின் மறையாதவன் முன் நில் என்பதே இதன் கருத்தாக நமக்குத் தோன்றுகிறது. மறையும் பொருட்களை நேசியேன் என்று நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் உரைத்த செய்தியின் சாரமும் இதுவே.

மற்றுமொன்று. பயணி நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழுகிறான். ஆனால் சுபுஹும் மஃரிபும் சுருங்குவதில்லை. கடலோரத்தில் மக்கள் காத்திருந்து பார்க்கும் இரு காட்சிகளான உதயத்தையும் அத்தமனத்தையும் அடுத்து நிற்கும் தொழுகைகள் இவ்விரண்டுமே. படம் எடுப்பதற்குக் கால்மணி நேரம் ஒதுக்குவோர் மூன்று ரக்அத்துக்கு நேரமில்லை என்று வேனில் ஏறுவாராயின், அவர் வந்தது எதற்கு என்ற கேள்விக்கு அவரே விடை கூறட்டும்.

எனினும் தொழுதுவிட்டால் கடமை தீர்ந்ததா? இங்கேதான் நம் கேள்வியின் கடினமான பகுதி தொடங்குகிறது.

நமக்கு அமைதியான கரையாகத் தோன்றுவது பிறருக்குப் பிழைப்பிடம். குந்துகாலை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் தீவுகளைச் சூழ்ந்த நீரில் மூழ்கிக் கடற்பாசி எடுத்து வாழ்கின்றனர். டாக்டர் அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில், தம் தந்தையார் ஜைனுலாப்தீன் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லப் படகு கட்டியதையும், அப்படகைப் புயல் கொண்டு போனதையும் எழுதியிருக்கிறார். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயலோ தனுஷ்கோடி எனும் ஊரையே அழித்து, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு ரயிலையும் விழுங்கிற்று. அக்கரை மக்களுக்குக் கடல் சோறும் அதுவே, சோதனையும் அதுவே. அங்கு சென்று தின்பண்ட உறைகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் வீசிவிட்டு வருவோர் பிறர் வீட்டு முற்றத்தில் குப்பை கொட்டியவராவர். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற சமுதாயம், தொல்லையை இட்டுவிட்டு வரலாமா?

கடற்கரையை விட்டு நம் ஊருக்கு வருவோம். அந்தி இறைவன் அனைவருக்கும் பொதுவாக விரித்த விரிப்பு. அதற்குச் சீட்டு இல்லை, கட்டணமும் இல்லை. ஆயினும் திருப்பூரில் எத்தனை பேர் தம் அந்தியைக் காண்கின்றனர்? காலை 8.30 மணிக்குத் தொடங்கி இரவு 8.30 வரை நீளும் 'ஒன்றரை ஷிப்ட்' இவ்வூரின் பழகிப்போன ஏற்பாடு. ஓவர்லாக், பேட்லாக் மிஷின்களின் முன்னே குனிந்திருப்போருக்கும், செக்கிங் மேசையருகே நாளெல்லாம் நிற்போருக்கும் மாலை என்பது டியூப் லைட்டின் வெளிச்சமே. தென்மாவட்டங்களிலிருந்து வந்தோரும், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தோரும் வாரத்தில் ஆறு நாள் அந்தியைக் காணாமலே அறைக்குத் திரும்புகின்றனர். இத்தொழிலின் தொடக்க கால முன்னோடிகளில் குலாம் காதர் சாயபு போன்ற முஸ்லிம்களும் இருந்தனர். இன்றும் நம்மவர் பலர் சிறிதும் பெரிதுமாக யூனிட் வைத்திருக்கின்றனர். ஆகவே இந்தக் கணக்கு பிறர் கணக்கு மட்டுமன்று.

"ஏற்றுமதிக்கு நாள் குறித்துவிட்டால் என் செய்வது? மேலும், தொழிலாளியே ஓவர்டைம் கேட்டு வருகிறானே!" என்று முதலாளிகள் வினவுவர். இது பொய்யல்ல. கடனும் பிள்ளைகளின் படிப்பும் அவனை இரவு வரை இருத்துகின்றன. அரை ஷிப்டை நிறுத்திவிட்டால் அவன் வீட்டு உலை பாதிதான் கொதிக்கும். ஆகவே விளக்கை அணைத்து எல்லாரையும் அந்தியைக் காண அனுப்பிவிடு என்று நாம் எளிதாகக் கூறிவிட இயலாது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவன் விரும்பிக் கேட்பதற்கும், வேறு வழியின்றிக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு ஷிப்டின் கூலி குடும்பத்தைக் காக்கப் போதுமானதாக இருந்தும் ஒருவன் மேலும் உழைக்க முன்வந்தால், அது அவன் விருப்பம். ஒரு ஷிப்டின் கூலி போதாமலிருப்பதனாலேயே அவன் அந்தியை விற்கிறான் என்றால், அதனை அவன் விருப்பமெனச் சொல்வது நியாயமாகாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்ட உழைப்புக்கு இரட்டைக் கூலி விதித்தது. அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கைக்கீழ் உள்ளோர்மீது தாங்கவொண்ணாப் பாரத்தைச் சுமத்தக்கூடாது, சுமத்த நேர்ந்தால் தாமும் உடனிருந்து உதவ வேண்டும் என்று பணித்தனர். அப்பணிப்பு முதலாளியின் நேரத்தையும் கைகளையும் சேர்த்தே கேட்கிறது. கூலியை உரிய அளவில் கொடுப்பதும், ஆர்டரை ஏற்கும்போதே நாட்களைச் சரியாகக் கணித்து ஏற்பதும், மஃரிபுக்கு எழுவோனை முகஞ்சுளிக்காது அனுப்புவதும், தொழாத பிற சமயத்தாருக்கும் அந்தக் கால்மணி ஓய்வை அளிப்பதும் முதலாளியின் கையில் உள்ளவையே.

நிறங்களைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் சேர்வது நொய்யல். சாயப்பட்டறைகளின் கழிவால் அந்த ஆறும் ஒரு காலத்தில் நாளொரு நிறமாக ஓடிற்று; ஆனால் அது கண்டு எவரும் வியந்து நிற்கவில்லை. பாசனத்துக்கெனக் கட்டி 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்களின் நிலமும் கிணறும் உப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின்னரே, கழிவுநீரை வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை இங்கே ஊன்றிற்று. அதற்காகப் பெருஞ்செலவு செய்தோரின் முயற்சி போற்றத்தக்கதே. எனினும் தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும் தடுத்த மார்க்கத்தைச் சேர்ந்த நாம், ஒரு நீதிமன்றம் சொல்லும் வரை காத்திருந்தோமா என்ற கேள்வி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது. தூய நீரில் இறைவன் தீட்டும் நிறங்களைக் காண நெடுந்தூரம் செல்வோன், தன் வீட்டுப் பின்புறத்து நீரில் தான் கலந்த நிறத்துக்குப் பொறுப்பேற்றாக வேண்டும்.

ஆகவே நம் முடிவு இது. அந்தியைக் காணச் செல்வது ஆகும். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். செம்மை எப்போது நீங்குகிறது, வெண்மை எப்போது நீங்குகிறது என்று அவர்களுக்குக் காட்டுங்கள். இரு இமாம்களும் எதனைப் பார்த்துப் பேசினர் என்பதை அவர்கள் கண்ணால் அறியட்டும். மறைந்தபின் மூன்று ரக்அத்தை முழுமையாகத் தொழுங்கள். கரையைக் கண்டவாறே விட்டு வாருங்கள். ஆனால் அழகைக் கண்டு எழும் வியப்பு நன்றியாக முதிர வேண்டுமாயின், அந்த அழகில் பங்குள்ள மற்றவரின் உரிமையை நாம் பறித்திருக்கலாகாது. ஷுக்ரு என்பது நாவோடு நிற்பதன்று. பெற்ற நிஃமத்தைப் பிறருக்கும் எட்டச் செய்வது அது.

ஆலை வைத்திருப்போர் திங்கட்கிழமை காலை கணக்கைத் திறக்கும்போது, வாரத்தில் ஒரு நாளாவது தம் ஆட்கள் வெளிச்சம் இருக்கையிலேயே வீடு சேரக் கூலியும் நேரமும் இடம் தருமா என்று ஒரு வரி கூட்டிப் பார்க்கட்டும். இடம் இருந்தால், அந்த அந்தியை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடட்டும். அது முதலாளி கொடுக்கும் தருமமன்று. அவர்களுக்கே உரிய பொருள்.