தாய்க்கோழி இல்லாத குஞ்சுகள்



முதன்முறையாக ஒருநாள் குஞ்சுகளுக்குச் சொல்லிவைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கோழி தன் குஞ்சுகளைச் சிறகடியில் சேர்ப்பதைச் சேசுநாதர் தம் நேசத்துக்கு உவமையாக எடுத்தாரல்லவா? பெட்டியில் வரும் குஞ்சுக்கு அந்தச் சிறகு கிடையாது, நீங்கள்தான் சிறகு. ஆகையால் முந்தின நாளே உமி பரப்பி, மூலையில் நெருக்கி மடியாதபடி வட்டமாகத் தகடு வளைத்து, மின்விளக்கைப் போட்டுச் சூடாக்கி வையுங்கள். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். வெப்பமானி இல்லாத வீட்டில் குஞ்சுகளே சொல்லும்: விளக்கடியில் குவிந்தால் குளிர், விலகி வாய் பிளந்தால் சூடு. இரவிலும் எழுந்து பார்க்கவேண்டும். வந்தவுடன் முதலில் தண்ணீர். அலகை அதில் நனைத்துவிடுங்கள். தீனி பிறகு. கடன் வாங்கிய பணமல்லவா பெட்டியில் வருகிறது! இடம் தயாராகாவிட்டால், வெட்கப்படாமல் ஒரு வாரம் தள்ளி அனுப்பச் சொல்லுங்கள்.