உடற்பயிற்சிக்கு எந்த நேரம்? யாருடைய நேரம்?

விடியுமுன் எழுந்து நடப்பவர் ஒழுக்கமானவர், மற்றவர் சோம்பேறி என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. ஆத்திசூடி படித்து வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! ஆனால் அதிகாலையில் நடப்பது அறமா, அல்லது சிலருக்கு வாய்த்த வசதியா?

மருத்துவ ஆய்வுகள் இதில் ஒரே முடிவைச் சொல்லவில்லை. பிரித்தானியாவின் ‘யூ.கே. பயோபேங்க்’ திட்டத்தில் சேர்ந்த பலர், உடலசைவைப் பதியும் கருவியை ஏழு நாட்கள் கையில் அணிந்தனர். அப்பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காலை வேளையில் கூடுதலாக இயங்கியோருக்கு இருதய நோய் குறைவு என்றது. 2023இல் சுமார் 92,000 பேரை ஆராய்ந்தவர்கள், முற்பகல் 11 முதல் மாலை 5 மணிவரை இயங்கியோருக்கு, காலையில் இயங்கியோரைவிட மரண ஆபத்துக் குறைவு என்றனர். 2024இல் உடற்பருமன் உள்ள சுமார் 30,000 பேரைப் பற்றிய ஆய்வோ, மாலை 6 மணிக்குப் பிந்திய வேளைக்கே முதலிடம் தந்தது. இவையெல்லாம் தொடர்பைக் காட்டுவன. காரணத்தை நிறுவுவன அல்ல.

உறுதியானது வேறொன்று. நாள் முழுதும் படியேறி இறங்கிய இலண்டன் பேருந்து நடத்துநர்களுக்கு, அமர்ந்தே ஓட்டிய சாரதிகளைவிட இருதய நோய் குறைவு என ஜெரமி மொறிஸ் 1953இல் காட்டினார். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்ன நேரம் என்று விதிக்கவில்லை.

அப்படியாயின், இரவு வேலை முடித்துக் காலையில் உறங்குபவரைச் சோம்பேறி என்பது நியாயமா?

இன்னொன்றையும் எண்ணுவோம். பல வீடுகளில் கணவர் காலையில் பூங்காவுக்குப் போவார். அவர் திரும்புமுன் தேநீரும் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியும் ஆயத்தமாக இருக்கும். அந்த அரைமணி நேரம் அவருக்குக் கிடைத்தது அவரது ஒழுக்கத்தால் மட்டுமா? மனைவி தம் அரைமணியைக் கொடுத்ததாலும் அல்லவா?

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று சிலர் சொல்வர். மாடிப்படி ஏறுவதும் தரை துடைப்பதும் ஓரளவு கணக்கில் சேரும். அடுப்படியில் நிற்பது சேராது. தெற்காசியரை இளவயதிலேயே நாடிவரும் நீரிழிவும் இருதய நோயும் ஆண், பெண் பார்ப்பதில்லை.

ஆகவே எந்த நேரம் சிறந்தது என்று கேட்குமுன், நம் வீட்டில் யாருக்கு நேரமே இல்லை என்று பார்ப்போம். காலையோ மாலையோ, அவர் விரும்பும் வேளையில் அரைமணி நேரம் அவர் வெளியே நடந்து வரட்டும். அதுவரை அடுப்பையும் பிள்ளைகளையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வோம்.