தூர்ந்த கங்கையும் துலக்கிய பாத்திரமும்

ஆங்கிலத்தில் 'டிகே' என்றொரு சொல் உண்டு. 'கீழே விழுதல்' என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது அது. பல்லுக்கும் பழத்திற்கும், மரத்திற்கும் மாளிகைக்கும், அணுவிற்கும் ஒலிக்கும் ஆங்கிலேயர் அந்த ஒரு சொல்லையே ஆள்கின்றனர். தமிழிலோ ஒவ்வொன்றிற்கும் தனிச்சொல் உண்டு. பல் சொத்தையாகிறது; பழம் அழுகுகிறது; மரம் உளுத்துப் போகிறது; மாளிகை சிதிலமடைகிறது; அணு சிதைகிறது; மணியோசை தேய்ந்து அடங்குகிறது. ஆறு தூர்ந்து போகிறது.

ஆறு தூர்ந்து போவதைக் கொல்கத்தாவின் தென்பகுதியான டாலிகஞ்சில் கண்ணாரக் காணலாம். அங்கே 'டாலி நாலா' என்று வழங்கும் நீரோடைதான் ஆதிகங்கை. ஒரு காலத்தில் கங்கை கடலை நோக்கிச் சென்ற வழி அது. காளிகட்டத்து அன்னையின் திருக்கோயில் அதன் கரையிலேயே எழுந்தது. வண்டல் படிந்து தூர்ந்துவிட்ட அதனை 1775-77 ஆண்டுகளில் வில்லியம் டாலி என்னும் ஆங்கிலேயர் தோண்டி ஆழப்படுத்தினார். படகுகள் மீண்டும் ஓடின. டாலிகஞ்ச் என்ற பெயரும் அவரால் வந்ததே. ஆனால் காலப்போக்கில் வண்டல் மறுபடியும் படிந்தது. நகரின் கழிவுநீரும் வந்து கலந்தது. 2009-இல் டாலிகஞ்சிலிருந்து தெற்கே நீட்டிக்கப்பட்ட மெட்ரோ ரயில் பாதையின் தூண்கள் இன்று அதன் படுகையிலேயே நிற்கின்றன. ஒருமுறை தூர்வாரியது என்றென்றைக்கும் போதவில்லை.

தோன்றுதல், இருத்தல், வளர்தல், மாறுதல், தேய்தல், அழிதல் என ஆறு விகாரங்களைச் சாஸ்திரங்கள் கூறுகின்றன. பிறந்த எதுவும் இவற்றிற்குத் தப்புவதில்லை. 'எப்படியும் தேயத்தானே போகிறது, பிறகு முயற்சி எதற்கு?' என்று சிலர் கேட்கலாம்.

தட்சிணேசுவரத்தில் பதினொரு மாதங்கள் தங்கியிருந்த தோதாபுரியிடம், பிரம்மஞானம் பெற்ற பின்னும் தினமும் தியானம் செய்வது ஏன் என்று ஸ்ரீராமகிருஷ்ணர் கேட்டார். தோதாபுரி பளபளக்கும் தமது பித்தளைப் பாத்திரத்தைச் சுட்டிக்காட்டினார். நாள்தோறும் துலக்காவிட்டால் அது களிம்பேறிவிடும். மனமும் அப்படித்தான் என்றார். 'பாத்திரம் பொன்னாக இருந்தால்?' என்று கேட்டார் ஸ்ரீராமகிருஷ்ணர். பொன்னுக்குக் களிம்பில்லை என்பதைத் தோதாபுரியும் ஒப்புக்கொண்டார்.

ஆன்மா பொன், அதற்குத் தேய்வே இல்லை. அந்த உண்மை அனுபவமாகும்வரை நம் கையில் இருப்பது பித்தளைப் பாத்திரமே. என்றோ பெற்ற தீட்சையும், எப்போதோ சென்ற தீர்த்த யாத்திரையும் டாலி ஒருமுறை தோண்டியதைப் போன்றவை. வண்டலோ தினமும் படிகிறது. ஆகவே ஜபமும் தினமும் நடக்கட்டும். வண்டல் படிவது இயற்கை. அதை வாராமல் விடுவது நம் குற்றம்.