தொலைந்த காசு யாருடையது?

இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சில்லறைக்குப் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. பென்னியில் காற்பங்கான ஃபார்த்திங் இன்றி ஏழை மக்கள் அன்றாடப் பொருள் வாங்க இயலாது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1613இல் தனியாருக்கு உரிமையளித்து அடிப்பித்த செப்பு ஃபார்த்திங்குகளும் 1644இல் நிறுத்தப்பட்டன. 1649இல் முதலாம் சார்லஸ் மன்னர் கொலைத்தண்டனை பெற்றபின் தட்டிக் கேட்பாருமில்லை. ஆகவே வணிகர் தாமே செம்பிலும் பித்தளையிலும் சிறு வில்லைகள் அடித்துச் சில்லறையாக வழங்கலாயினர்.

அவருள் மதுவிடுதி நடத்தியோர் பலர். மது விற்றவரிடமா அறத்தைத் தேடுவது என அன்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆயினும் அவ்வில்லையைச் சற்றே நோக்குவோம். எழுத்தறியாதவரும் அறியுமாறு ஒருபுறம் விடுதியின் சின்னம். மறுபுறம் பெரும்பாலும் மூன்று எழுத்துகள்: மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே கணவன், மனைவி இருவருடைய பெயர்களின் முதலெழுத்துகள். ஒரு ஃபார்த்திங் கடனுக்கு இல்லாளையும் பிணையாக நிறுத்தினாற்போல!

அண்டைக் கடைக்காரர்கள் இவ்வில்லைகளை ஏற்று, தொகை சேர்ந்ததும் வழங்கியவரிடமே கொடுத்து வெள்ளிக்காசு பெற்றனர். இங்குதான் ஐயம் எழுகின்றது. வில்லையின் உலோகம் அதன் முகமதிப்பினும் குறைந்தது. எனவே திரும்பி வாராத ஒவ்வொரு வில்லையும் விடுதிக்காரருக்கு ஆதாயம். தேம்ஸ் ஆற்றுச் சேற்றில் இன்றும் அவை கிடைக்கின்றன. அவ்வாதாயம் களவாகுமா?

வந்து கேட்டால் தருவேன் என்று காத்திருப்பவரைக் கள்வர் எனல் தகாது. பிறர் கைதவறுதலை முன்கூட்டியே இலாபக் கணக்கில் எழுதி, தம்மால் மாற்றித்தர இயலும் அளவுக்கு மேல் அடித்து விடுபவரோ வேறு. இருவர் கையிலும் ஒரே வில்லைதான். வெளிப்பார்வைக்கு வேற்றுமை தோன்றாது.

1666இல் இலண்டன் பெருந்தீயில் விடுதிகள் பல சாம்பலாயின. ஈஸ்ட்சீப் வீதியில் ஷேக்ஸ்பியர் நாடகத்தால் புகழ்பெற்ற பன்றித்தலை விடுதியும் எரிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. கட்டடம் எரிந்தது, கடன் எரியுமோ?

1672 ஆகஸ்டில் இரண்டாம் சார்லஸ் மன்னர் அரசின் செப்புக்காசுகளை வெளியிட்டுத் தனியார் வில்லைகளுக்குத் தடை விதித்தார். வாங்கிய கடனைத் தீராமைக்கு அத்தடை சாக்காகாது என்பதே எம் துணிபு. தடை வந்த மறுவாரம் ஒரு பணிப்பெண் நான்கு வில்லைகளோடு விடுதி வாயிலில் நிற்பதாகக் கொள்வோம். வழக்காட அவளுக்கு வகையில்லை. கேட்பது ஒரே ஒரு பென்னி. அவள் நீட்டும் செம்பில் விடுதிக்காரர், அவர் மனைவி இருவருடைய எழுத்துகளும் இன்னும் தேயவில்லை.