பல கடனும் ஒரு கடனும்

பகவன் புத்தர் சாவத்தி நகரத்து வணிகராகிய அநாதபிண்டிகருக்கு, இல்லறத்தான் அடையத்தக்க இன்பங்கள் நான்கு என்று எடுத்துரைத்தார். நேர்மையாய் ஈட்டிய பொருளுடையேன் என்னும் இன்பம் ஒன்று. அப்பொருளைத் தானும் துய்த்துப் பிறர்க்கும் உதவி வாழ்கின்றேன் என்னும் இன்பம் ஒன்று. சிறிதாயினும் பெரிதாயினும் எவருக்கும் கடன்பட்டிலேன் என்னும் இன்பம் ஒன்று. மனம் மொழி மெய்களால் குற்றமற்றிருக்கின்றேன் என்னும் இன்பம் ஒன்று. முன்னைய மூன்றும் நான்காவதன் பதினாறில் ஒரு பங்கிற்கும் ஈடாகா என்பதும் அங்கேயே கூறப்பட்டிருக்கின்றது. அந்த மூன்றாவது இன்பத்தை நம்மவரில் எத்தனை குடும்பத்தார் கண்டிருக்கின்றனர் என்று எவரேனும் கேட்டால், விடைகூற நாம் நாணவேண்டியிருக்கின்றது.

கோலார் தங்கவயலில் கடன் புதிய சரக்கன்று. விட்லி என்பாரின் தலைமையில் அமைந்த இந்தியத் தொழிலாளர் ராயல் கமிஷன் 1931-இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் தொழில் நகரங்கள் பெரும்பாலானவற்றில் மூன்றில் இரண்டு பங்குத் தொழிலாளர் குடும்பங்களேனும் கடனில் மூழ்கியிருப்பதாகக் கூறிற்று. ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி அக்காலத்தில் பரவலாக வழங்கியது. அஃதாவது ஆண்டிற்கு நூற்றுக்கு 75. அன்று கொடுத்தவரும் வாங்கியவரும் சம்பள நாளை நம்பியிருந்தனர். 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் அச்சம்பள நாள் போயிற்று, கடன் போகவில்லை. இன்று விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் கூலிவேலை முடித்து இரவில் திரும்புகின்ற நம் சகோதர சகோதரிகளின் இல்லங்களில் கடன் ஒரு வாயிலால் மட்டும் நுழைவதில்லை. அடகுக்கடையில் வளையல் இருக்கும். கந்துவட்டிக்காரரிடம் கையொப்பமிட்ட வெற்றுக் காசோலை இருக்கும். மகளிர் குழுவில் வாரத் தவணை நிற்கும். சீட்டெடுத்த பாக்கியும், அண்டை வீட்டாரிடம் பெற்ற கைமாற்றும் இருக்கும்.

இவற்றையெல்லாம் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரே கடன் வாங்கி அடைத்துவிட்டு, மாதம் ஒரு தவணை செலுத்துவது நலமல்லவா என்று அன்பர் சிலர் வினவுகின்றனர். ஒரு குழியின் மண்ணை எடுக்க மற்றொரு குழி தோண்டுவது எந்தச் சமர்த்து என்று வேறு சிலர் எள்ளுகின்றனர். இரு திறத்தாரும் பாதி உண்மையையே பேசுகின்றனர் என்பது நமது கருத்து.

இவ்வேற்பாடு நம் நாட்டார் அறியாததன்று. சென்னை மாகாணத்தில் பிரெடெரிக் நிக்கல்சன் என்பார் ஜெர்மானிய நாட்டு ரைபைசன் சங்கங்களை ஆராய்ந்து 1890-களில் எழுதிய அறிக்கை, 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்திற்கு வழிகோலிற்று. 1929-இல் சென்னையில் தோன்றிய மத்திய நில அடமான பாங்கி, உழவர் பட்டிருந்த பழங்கடன்களைத் தீர்த்து, அவற்றை நீண்ட தவணையில் குறைந்த வட்டிக்கு ஒரே கடனாக்குவதைத் தன் முதன்மையான வேலைகளுள் ஒன்றாகக் கொண்டது. நிலமுள்ள குடியானவனுக்கு அது கைகொடுத்தது. சுரங்கத் தொழிலாளி எதை அடமானம் வைப்பான்? கையும் மார்புமே அவன் சொத்து. அம்மார்பையும் பாறைத் தூசு தின்றுகொண்டிருந்தது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கணக்குப் பாராமல் தன்மம் பேசுவது இவ்விஷயத்தில் பயன்தராது. ஓர் இல்லத்தார் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கியிருப்பதாகக் கொள்வோம். மாதந்தோறும் 1,000 ரூபாய் வட்டி கட்டுகின்றனர். இரண்டாண்டில் 24,000 ரூபாய் கட்டி முடித்தபின்னும் முதல் 20,000 அப்படியே நிற்கும். அதே தொகையை ஆண்டிற்கு நூற்றுக்கு 14 வீதம் குறைந்துசெல்லும் வட்டியில் ஒரு சங்கம் தருமாயின், மாதம் ஏறத்தாழ 960 ரூபாய் செலுத்தினால் அதே இரண்டாண்டில் முதலும் வட்டியும் ஒருங்கே தீரும். முன் கட்டியதைவிடக் குறைவாகக் கட்டியே கடனினின்று வெளியேறலாம். இதைக் குழிதோண்டுதல் என்று எள்ளுவோர் பென்சிலை எடுத்து ஒருமுறை கூட்டிப் பார்ப்பாராக.

ஆனால் அதே இல்லத்தாருக்குக் குழுக்கடன் 40,000 ரூபாய் மீதியிருந்து, ஆண்டிற்கு நூற்றுக்கு 24 வட்டியில் இன்னும் 12 மாதத் தவணை பாக்கியிருப்பதாகக் கொள்வோம். அதை அப்படியே கட்டி முடித்தால் இனிச் செல்லும் வட்டி ஏறத்தாழ 5,400 ரூபாய். எல்லாவற்றையும் சேர்த்துவிடலாமே என்று இதனையும் 14 வட்டிக்கு மாற்றி ஐந்தாண்டுத் தவணையாக்கினால், மாதத் தவணை 3,780-லிருந்து 930-ஆகக் குறையும். செலுத்தும் வட்டியோ ஏறத்தாழ 15,800 ரூபாய் ஆகிவிடும். வட்டி வீதம் குறைந்தது, வட்டி மும்மடங்காயிற்று! மாதச் சுமை குறைந்ததைக் கண்டு மகிழ்பவர், சுமக்கும் ஆண்டுகள் நீண்டதைக் காண்பதில்லை. தவணையே கட்டமுடியாமல் அடுப்பெரியாத நிலையில் உள்ளவர் அந்த அதிக விலையையும் கொடுக்கவேண்டியிருக்கலாம். அவரைக் குறைகூற நாம் துணியோம். கட்டத் திராணியுள்ளவர் அப்படிச் செய்வது வீண். ஆகவே எல்லாக் கடனையும் ஒரே மூட்டையாகக் கட்டவேண்டும் என்னும் நியதி இல்லை. கொடிய வட்டிக் கடனை மாற்றலாம். முடியுந்தறுவாயிலுள்ள கடனை முடிக்கவே விடலாம்.

மற்றொரு சூதையும் சொல்லவேண்டும். ‘வட்டி 12 தான்’ என்பார். குறைந்துவரும் பாக்கிக்கன்றி, முதலில் வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசிவரை அந்த வட்டியைப் போடுவார். இரண்டாண்டுக் கடனில் அந்த 12 உண்மையில் 21-க்கும் மேற்பட்டது. எந்த முறையில் வட்டி என்று கேளாமல் எவரும் கையொப்பமிடலாகாது. நுண்கடன்களைத் தவணைக்கு முன்பே அடைத்தால் அபராதம் விதிக்கலாகாது என்பதும், ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் யாவும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியை மீறும்படி நுண்கடன் தரலாகாது என்பதும் 2022-இல் நடப்பிற்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள். வருமானத்தில் பாதி என்பதே அதிகம் என்போம் நாம். விதி அதற்கு மேலாவது போகவிடவில்லை.

கணக்கு இவ்வளவில் நிற்க, அறத்தின் கேள்விக்கு வருவோம். ஒருவரிடம் வாங்கியதை மற்றொருவர் பணத்தால் அடைப்பது முன்னவரை ஏய்ப்பதாகுமா? ஆகாது. கடன்பட்டவனைச் சங்கத்தில் துறவியாகச் சேர்க்கலாகாதென்று விநயம் தடுத்தது. சீவரத்தின் மறைவில் கடன்காரன் தப்பியோடலாகாதென்பதே அதன் கருத்து. இங்கே தப்பியோடுதல் இல்லை. பழைய கடன்காரர் தம் பணத்தை முழுதும் பெறுகின்றார். கடன் கைமாறுகின்றது, பொறுப்பு மாறவில்லை.

அங்குத்தர நிகாயத்தின் மற்றொரு சூத்திரத்தில் பகவன் வறுமை, கடன்படுதல், வட்டி, கடன்காரர் கேட்டுவருதல், பின்தொடர்தல், சிறைப்படுதல் என்று படிப்படியாக விரித்து, தீயொழுக்கத்தையும் அதனோடு உவமித்தார். தீவினை செய்தல் கடன்படுதல் போன்றது. அதைப் பிறரறியாதபடி மறைத்தலே வட்டி போன்றது என்றார். உவமையைத் திருப்பிப் பார்த்தால் நமது வினாவிற்கு ஒளி கிடைக்கின்றது. நம் இல்லங்களில் கடன் வளர்வது பெரிதும் மறைவினாலேயே. கணவர் வாங்கியது மனைவிக்குத் தெரியாது; மனைவி குழுவில் எடுத்தது கணவருக்குத் தெரியாது; மகன் கைப்பேசியின் வழியே வாங்கியது இருவருக்கும் தெரியாது. ஒரு கடனை அடைக்க மறைவில் வாங்கியதே அடுத்த கடனாகின்றது. பல கடனை ஒன்றாக்க முற்படுவோர் முதலில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியாகவேண்டும். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எது அடகு, யார் ஜாமீன் என்று வீட்டாரனைவரும் கூடியிருந்து எழுதும் அந்த ஒரு மாலைப்பொழுதே இவ்வேற்பாட்டின் முதற்பயன் என்று நாம் கருதுகின்றோம். அது இல்லாமல் ஒருவர் மட்டும் இரகசியமாய்ப் பெருங்கடன் வாங்கிச் சிறுகடன்களை அடைப்பாரேல், மறைவுகள் பலவும் திரண்டு ஒரு பெரிய மறைவானதே மிச்சம்.

அடைத்த வாயில்கள் திறந்தே கிடப்பதும் பெருங்கேடு. வட்டிக்கடைப் பாக்கி தீர்ந்தவுடன் அதே கடைக்காரர் புன்னகையோடு ‘இனி எப்போது வேண்டுமானாலும் வரலாம்’ என்பார். ஆறு மாதத்தில் ஒரு சடங்கு வரும்; பழைய வாயிலில் புதுக்கடன் நுழையும்; ஒரு கடனும் இருக்கும், பல கடனும் இருக்கும். சிகாலோவாத சூத்திரத்தில் வருவாயை நான்காகப் பங்கிட்டு ஒரு பங்கை இடர்க்காலத்திற்கென வைக்கச் சொன்னதை, கூலி வாங்குவோர் முழுதும் கைக்கொள்ள இயலாதென்பதை நாம் அறிவோம். தவணை குறைந்ததால் மிஞ்சும் இருநூறோ முந்நூறோ அப்பங்காகட்டும். இல்லையேல் அடுத்த சடங்கிற்குக் கதவைத் தட்ட வேறிடமிராது.

ஜாமீன் குறித்தும் ஒரு சொல். குழுக்கடனில் ஒருவர் தவறினால் உடனிருக்கும் பெண்கள் அவர் தவணையைக் கட்ட நேர்கின்றது. நமது கடனை வங்கிக்கு மாற்றுவதால் அவர்கள் சுமை நீங்குமாயின் அது நன்று. புதிய கடனுக்கு மைத்துனரை ஜாமீனாக்கியோ, வீட்டுப் பத்திரத்தை ஈடுவைத்தோ மாற்றினால், முன்பு வளையலோடு நின்ற ஆபத்து இப்போது கூரைக்கு வந்துவிட்டது. கடுமையாய் மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்கக் கர்நாடகத்தில் 2025-இல் சட்டம் வந்திருக்கின்றது. அதை நம்பிப் பத்திரத்தை ஒப்புக்கொடுத்துவிடலாகாது.

கடைசியாக, வட்டியின்றிக் கைமாற்றுத் தந்தவர். பக்கத்து வீட்டு அம்மாள் பிள்ளையின் மருத்துவத்திற்கென்று 10,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தார், ஆண்டிரண்டு ஆயின, கேட்கவில்லை. வட்டிக் கணக்கின்படி இக்கடனை அடைப்பதில் இலாபமில்லை. ஆகவே பட்டியலில் இது கடைசியில் எழுதப்படும், அல்லது எழுதப்படாமலேயே போகும். மிரட்டுபவருக்கு முதலிடமும் பொறுத்தவருக்குக் கடைசியிடமும் தருவது எவ்வகை நீதி? புதிய கடனில் அவர் தொகையையும் சேர்த்தால் அதற்கு நாம் வட்டி சுமக்கவேண்டும், உண்மையே. அவரும் ரயிலேறி வேலைக்குப் போகிறவர்தாம். அந்தப் பத்தாயிரத்திற்காக அவர் எங்கேனும் வட்டி கட்டிக்கொண்டிருக்கலாம். அவரை நேரில் கண்டு, ‘அம்மா, இப்போதே தந்துவிடட்டுமா, மாதம் இவ்வளவு என்று தரட்டுமா?’ என்று கேட்பதே முறை. இருக்கட்டும் என்று அவர் சொன்னாலும், மாதம் 500 என்று தாளில் எழுதிவிடலாம்.

பணம் கைக்கு வந்த அன்றே வீடுவீடாய்ச் சென்று அடைத்து, பிராமிசரி நோட்டையும் வெற்றுக் காசோலையையும் அடகுச் சீட்டிற்குரிய நகையையும் கையோடு திரும்பப் பெறவேண்டும். ஒரு வாரம் கழித்தால் பணத்திற்கு வேறு வழி பிறந்துவிடும். அந்த அம்மாளிடம் திரும்பப் பெறுவதற்குக் காகிதம் எதுவுமில்லை. முதலில் அவர் வீட்டிற்கே போகலாம்.