மிதிக்கிறவன் சாப்பாடு

1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில், மேலாரன் ஏரியைச் சுற்றி 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துக்குச் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஒவ்வொருவராகக் கிளப்பிவிட்டு நேரம் குறித்தார்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் மிதித்து இரண்டாவதாக வந்தவர் இங்கிலாந்தின் ஃபிரெடி கிரப். தனக்கு ஒரு வெள்ளி, அணிக்கு ஒரு வெள்ளி. அவர் இறைச்சி தொடாதவர், மதுவும் குடிக்காதவர். மாட்டுக்கறி தின்னாதவன் உடம்பில் வலு இருக்காது என்று நம்பிய நாட்டில், அது பொய் என்று மிதித்தே காட்டுவதற்காக 1880களின் கடைசியில் சைவ உணவுக்காரர்கள் சைக்கிள் சங்கம் தொடங்கியிருந்தார்கள். காந்தி படிக்கப் போய் லண்டனில் இறங்கிய காலம் அது.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1924 டூர் டி பிரான்ஸ். முந்தின ஆண்டு வென்ற ஆன்ரி பெலிசியே பாதியிலேயே விலகி, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பத்திரிகையாளர் ஆல்பர் லோந்த்ரிடம் தன் பையில் இருந்ததை எடுத்துக் காட்டினார். கண்ணுக்குக் கோக்கெய்ன், ஈறுக்குக் குளோரோஃபார்ம், அதற்குமேல் மாத்திரைகள். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டுப் பந்தயத்தின் தூரம் 5,400 கிலோமீட்டருக்கும் மேல். உடம்பு தாங்குமா என்று பார்க்காமல் தூரத்தை நீட்டியவர்கள்தான் அவர் கையில் மருந்தையும் திணித்தார்கள்.

கிரப்பையும் பெலிசியேவையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்குள் எழுவது ஒரே கேள்வி. உழைக்கிற உடம்புக்கு எது போதும்?

நம் தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, மும்முரமாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வரும். அதற்குள் ஏதாவது வயிற்றுக்குள் போகவேண்டும். போகவேண்டியது மாவுச்சத்து, உப்பு, தண்ணீர். வாழைப்பழத்தையும் சர்க்கரை கலந்த விளையாட்டுப் பானத்தையும் தனித்தனியே கொடுத்து, 14 சைக்கிள் வீரர்களை 75 கிலோமீட்டர் ஓட்டவிட்ட அமெரிக்க ஆய்வு 2012-இல் வெளியானது. இரண்டுக்கும் நேரத்தில் வேறுபாடு தெரியவில்லை. வாழைப்பழ வணிகம் செய்யும் நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வுதான். ஆனாலும் அதன் முடிவில் வியக்க ஒன்றுமில்லை. பழத்தில் இருப்பதும் அந்தச் சர்க்கரைதானே!

1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றச் சைக்கிளில் கிளம்பினார்கள். பளுதூக்கும் சங்கத்துப் பையன்கள். அவர்களில் அதி ஹக்கீம், ஜால் பாப்பாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் மட்டும் சுமார் 71,000 கிலோமீட்டர் முடித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். அத்தனை தூரத்துக்குக் கட்டுச்சோறு கட்ட முடியாது. போன ஊரில் கிடைத்ததுதான் சாப்பாடு.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். விடுமுறை நாள் விடியலில் இந்தச் சாலையில் பளபளப்பான உடையில் பையன்கள் வரிசையாகச் சைக்கிளில் போகிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. நின்ற இடத்தில் பாக்கெட்டைக் கிழித்துப் பசை போன்ற ஒன்றை உறிஞ்சுகிறார்கள். இதே சாலையில்தான் பாவும் பட்டும் கேரியரில் கட்டிக்கொண்டு தறிக்காரர்கள் காஞ்சிபுரம் போய்வந்தார்கள். காலையில் கேழ்வரகுக் கூழ், மோர், வெங்காயம். கையில் கொஞ்சம் வேர்க்கடலை, வெல்லம். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும், அதே அளவு வேர்க்கடலையில் 25 கிராம் புரதமும் இருப்பதை இப்போது படிக்கிறோம்.

இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். அந்தக் கூழ் நல்ல உணவு. ஆனால் பல வீடுகளில் அது போதுமான அளவு இருந்ததில்லை. காலையில் குடித்தால் இரவு வரைக்கும் அதுதான். கூழைப் புகழ்கிற நாம், அதைக் குடித்தவர்களின் பசியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இயற்கை உணவு என்பதாலேயே அரை வயிறு முழு வயிறாகிவிடாது.

மாகறல் திருமாகறலீசர் கோயிலின் தலக்கதையில் ஒரு பலாமரம் வருகிறது. தினம் ஒரு பழம் தரும் மரம். அந்தப் பழத்தைத் தினமும் தில்லை நடராசருக்குச் சுமந்து போகவேண்டும் என்பது அரசனின் ஏற்பாடு. வீட்டுக்கு வீடு முறை. ஒரு சிறுவனின் முறை வந்தபோது, ஊரார் படும் பாட்டைப் பொறுக்காமல் மரத்தையே கொளுத்திவிட்டான் என்கிறது கதை. அரசனுக்கு அது குற்றம். எனக்கு அந்தப் பையன் மேல் பெரிய மதிப்பு. பழம் போய்ச் சேர்ந்ததா என்று எல்லாரும் பார்த்தார்கள். சுமப்பவனைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

விளையாட்டிலும் நாம் பதக்கத்தைத்தான் பார்க்கிறோம். பள்ளி முடிந்து, தறி வேலைக்கும் கை கொடுத்துவிட்டு, மாலையில் மைதானத்துக்கு வரும் பிள்ளை மத்தியானத்துக்குப் பிறகு என்ன சாப்பிட்டது என்று கேட்பவர் குறைவு. அந்தப் பிள்ளைக்கு விலையுயர்ந்த புரதப் பொடியை வாங்கச் சொல்வது அநியாயம்.

காஞ்சிபுரம் பக்கம் சைக்கிள் பந்தயம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கோப்பைக்கும் பேனருக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குத் தினமும் மாலையில் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம், ஒரு பிடி அவித்த வேர்க்கடலை, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுங்கள். ஒரு முட்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது.